பின்னறைத் தரையின் சூடு

அம்பர்நாத்
மே 21, 2024

அன்புள்ள மாலதிக்கு,

இசக்கி எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே. இடது கை கட்டுப் பிரித்தும் இன்னும் மடங்கவில்லை, தாளை முழங்கையால் அழுத்திக்கொண்டு எழுதுகிறேன். இங்கே மகள் கீதா வீட்டில் இருக்கிறேன். சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பவா போகிறாய்.

போன் பண்ணியிருக்கலாமே என்று திட்டுவாய். போன் இல்லை. மார்ச் மாதம் உன்னோடு அரை மணி நேரம் பேசினேனே, அதுதான் குற்றம். 'வீட்டுக் கதையெல்லாம் படிச்சவகிட்ட ஒப்பிக்கியோ' என்று கேட்டு, கீதா அப்பா போனைப் பிடுங்கி உலையில் போட்டுவிட்டார். அலுமினியத்தோடு சேர்ந்து உருகிப் போயிற்று. நான் குறுக்கே போனேன். கசடு அள்ளுகிற இரும்புக் கரண்டி கையில் இருந்தது, அதாலேயே அடித்தார். அந்தக் கரண்டியின் காம்பு ஆள் உயரம் இருக்கும், உனக்குத் தெரியும். கை ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. அன்றைக்கே ரயிலேறி இங்கே வந்துவிட்டேன். கீதா போனில் பேசலாம்தான். ஆனால் மாப்பிள்ளை அதை மாமனாருக்கு ஒன்று விடாமல் ஒப்பித்துவிடுவார். அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். அலுமினியம் உருக்குகிற பட்டியைப் போன வருஷமே கோவண்டிக்கு மாற்றிவிட்டோம். தாராவியில் காலியாகக் கிடந்த பழைய இடத்தை இப்போது சாக்கடைக்காகத் தோண்டுகிறார்கள். போன வாரம் பின்னறைத் தரையில் ஜேசிபி இறங்கினபோது மனுஷ எலும்பு வந்திருக்கிறது. தலை நொறுங்கி, பல்லோடு தாடையில் ஒரு துண்டுதான் மிஞ்சியதாம். போலீஸ் கேட்டதற்கு இவர், 'நான் வாங்கும்போது அது தோல் கிடங்கு. எவன் எவனைப் பொதைச்சானோ, எனக்கென்ன தெரியும்' என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தாராவிக்குப் போய் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டேன். என் தம்பி தமிழ்ச்செல்வன் 2003 தீபாவளிக்கு முந்தின வாரம் காணாமல் போனான், அப்போது வயசு இருபத்து மூன்று என்றேன். கீதா கைக்குழந்தை. என் உதடு கிழிந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவன் பட்டிக்குள்ளேயே போய் மச்சான் சட்டையைப் பிடித்தான். 'அக்கா மேல இனி கை வெச்சா கைய உலையில விட்ருவேன்' என்றான். மறுநாள் அவன் இல்லை. ஏஜெண்ட் கூட துபாய்க்குப் போய்விட்டான் என்று இவர் சொன்னார். நானும் நம்பினேன், நம்பாமலும் இருந்தேன். ஒவ்வொரு அடி விழும்போதும், தம்பியையும் இப்படித்தான் அடித்திருப்பாரோ என்று நினைத்திருக்கிறேன்.

பல்லை செம்பூர் லேபுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அது உன் லேபா? பல்லை வைத்து வயசு சொல்லிவிடலாம் என்கிறார் இன்ஸ்பெக்டர். அது தம்பி செல்வம் என்றால் நான் செத்தாலும் அந்த வாசலை மிதிக்க மாட்டேன். இல்லை என்றால் கட்டினவரைக் கொலைகாரன் என்று நினைத்த பாவம் எனக்கு. எதுவாக இருந்தாலும் நீ சொன்னால்தான் நம்புவேன்.

உன்
இசக்கி


செம்பூர்
ஜூன் 12, 2024

அன்பு இசக்கி,

உன் கடிதத்தை பஸ்ஸில் பிரித்தேன். படித்துக்கொண்டே இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். மார்ச்சில் ஒடிந்த கை எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ஒரே பெஞ்சில் ஏழு வருஷம் உட்கார்ந்ததற்கு இதுதான் மரியாதையா? செம்பூரில் ஒரு ஆளுக்கு இரண்டு அறை. நேரே இங்கே வந்திருக்கலாம்.

அந்தப் பல் எங்களிடம்தான் வந்தது. நம்பர் ஒட்டிய டப்பா, 'வீட்டுத் தரைக்கடியில் மண்ணில் கிடைத்தது' என்று ஒரு வரி, அவ்வளவுதான். உன் கடிதம் வருவதற்குள் ரிப்போர்ட்டும் போய்விட்டது. வெளியே சொல்லக்கூடாது. எங்கள் லேப் தலைவர் பத்ரி சாருக்குத் தெரிந்தால் மாட்டுங்கா வரை கேட்கிற மாதிரி கத்துவார். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல.

அது செல்வம் இல்லை இசக்கி. அந்த ஆளுக்கு நாற்பத்து நாலு வயசு. இரண்டு வருஷம் முன்பின் இருக்கலாம். இருபத்து மூன்றாக இருக்கவே முடியாது.

எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பாய். நம் உடம்பெல்லாம் புரதம். அந்தப் புரதத்தைக் கட்டியிருக்கிற அமினோ அமிலம் இரண்டு விதமாக இருக்கும். ஒரு ஜோடிச் செருப்பு மாதிரி, பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும், ஆனால் இடது கால் செருப்பு வலது காலுக்குச் சேராது. உடம்பு கட்டும்போது இடதை மட்டும்தான் வைத்துக் கட்டும். மற்ற இடத்தில் பழசு போய்ப் புதுசு வந்துகொண்டே இருக்கும். பல்லுக்குள் இருப்பது மட்டும் மாறாது, முளைத்தபோது வைத்ததுதான் கடைசிவரை. நம் உடம்புச் சூட்டில் அது வருஷத்துக்குக் கொஞ்சமாக, இடதிலிருந்து வலதுக்குத் திரும்பும். செத்துப்போய் மண்ணுக்குள் போனால் சூடு தணிந்துவிடும், திரும்புவதும் ஏறக்குறைய நின்றுவிடும். வலது எவ்வளவு, இடது எவ்வளவு என்று பார்த்தால் எத்தனை வயசில் செத்தான் என்று சொல்லிவிடலாம்.

பல்லைப் பொடித்து, அமிலத்தில் வேகவைத்து, ஒரு மருந்தைக் கோத்து, மெல்லிய குழாய்க்குள் திரவத்தோடு தள்ளுவேன். குழாய்க்குள் பசை மாதிரி ஒன்று அடைத்திருக்கும். ஒன்று விறுவிறுவென்று வந்துவிடும். மற்றது வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று பேசிவிட்டு, உன்னை மாதிரி, ஆடி அசைந்து வரும். இரண்டும் கம்ப்யூட்டரில் தனித்தனி மேடாகத் தெரியும். எந்த மேடு எத்தனை வயசு என்று அளக்க மாட்டுங்காவில் பல் டாக்டர் சுரேந்திரன் பிடுங்கிய பற்களை வாங்கி வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஆளின் வயசை எழுதி ஒட்டியிருப்போம்.

டி.என்.ஏ. எடுக்கவும் பார்த்தார்கள், வரவில்லை. மண் அப்படி. அந்தப் பின்னறை எனக்கும் தெரியுமே, உருக்க வாங்கின பழைய அலுமினியம், பங்கார் மூட்டை அடுக்கியிருக்கும், உலை முன்பக்கம் தெருவைப் பார்த்து இருக்கும். தோல் கிடங்கின் உப்பும் ரசாயனமும் ஊறின மண்ணாகத்தான் இருக்கும்.

செல்வம் உயிரோடு இருக்கலாம். இந்த வரியை இரண்டு தரம் அடித்துவிட்டு எழுதினேன். ஆனால் ஒன்று, உன் புருஷன் பூலோகம் கொலை செய்யவில்லை என்றால் நல்லவர் என்று ஆகிவிடாது. கையை ஒடித்தது அவர்தான். அங்கே திரும்பிப் போகாதே.

அன்புடன்
மாலதி


தாராவி
ஜூலை 3, 2024

அன்புள்ள மாலதி,

நீ திட்டப்போகிறாய். திரும்பி வந்துவிட்டேன்.

போலீஸ் ரிப்போர்ட்டைச் சொன்ன மறுநாளே அவர் அம்பர்நாத்துக்கு வந்தார். பேரனுக்குச் சட்டை, எனக்குச் சேலை. கீதா முன்னால் உட்கார்ந்து அழுதார். 'இருபது வருஷமா ஒரு கொலகாரனுக்கா சோறு பொங்கிப் போட்ட' என்று கேட்டார். நான் அவர் காலில் விழுந்தேன் மாலதி. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் விழுந்தேன். என் மேல்தான் தப்பு என்று தோன்றிவிட்டது. உன் மிஷின் பொய் சொல்லாது அல்லவா.

இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தார். முந்தாநாள் குழம்பில் உப்பு கூடிவிட்டது, தட்டோடு என் முகத்தில் எறிந்தார். புருவத்தில் தையல் போடவேண்டி வந்தது. அதை விடு, பழகினதுதான்.

சந்தோஷமான விஷயம் செல்வம்தான். அவன் எங்கேயோ இருக்கிறான். நேற்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், இந்த வருஷம் அவனுக்கும் நாற்பத்து நாலு முடிகிறது. அந்தச் செத்த மனுஷன் வயசுதான், பார்த்தாயா. தொப்பை போட்டிருப்பான். உன் நரையைப் பார்த்தால் 'என்ன டாக்டரம்மா, வெள்ளையடிச்சிட்டியளா' என்று சிரிப்பான். நீ ஏன் கல்யாணம் வேண்டாம் என்றாய் என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? ஏட்டி, எனக்கு எல்லாம் தெரியும்.

மழை விடவேயில்லை. மாடி வீட்டில் துணி நாலு நாளானாலும் காய்வதில்லை, ஒரே முடை நாற்றம். அந்தப் பின்னறைத் தரையை நினைத்துக்கொள்கிறேன். அடியில் புகைக்குழாய் போனதால் வருஷம் முழுக்கக் கதகதவென்று இருக்கும். துணியை விரித்தால் பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிடும். அடைமழையில் கீதாவைப் போர்வைகூட இல்லாமல் அங்கேதான் தூங்கப் போடுவேன். அம்மா வயிற்றோடு ஒட்டிக்கொண்ட மாதிரி அசையாமல் தூங்குவாள்.

புதுப் போன் வாங்கித் தரவில்லை. மதீனா பீவி தினமும் காலையில் செம்பூர் மார்க்கெட்டுக்கு இடியாப்பம் விற்க வருகிறாள். அவள் கூடையில் வைத்து இதை அனுப்புகிறேன். நீயும் அவளிடமே கொடு.

உன்
இசக்கி


செம்பூர்
ஜூலை 5, 2024

இசக்கி,

திட்ட நேரமில்லை. புருவத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

பின்னறைத் தரைக்கடியில் புகைக்குழாயா? எனக்குத் தெரியவே தெரியாது. எந்த வருஷம் போட்டது, யார் தோண்டினார்கள், தரை எவ்வளவு சூடாக இருக்கும், கை பொறுக்குமா பொறுக்காதா, எல்லாம் எழுது. எலும்பு கிடந்தது குழாய் போன இடத்திலா? நினைவு இருக்கிற வரைக்கும் எழுது. அவரிடம் எதுவும் கேட்காதே. இந்தக் கடிதத்தைக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிடு.

மாலதி


தாராவி
ஜூலை 8, 2024

அன்புள்ள மாலதி,

துணி காய்ந்த கதையில் உனக்கு என்ன இவ்வளவு அவசரம்? உன் லேபுக்கும் அப்படி ஒரு தரை வேண்டுமா? சரி, கேட்டதால் எழுதுகிறேன்.

உலைப்புகை தெருவுக்குள் வருகிறது என்று எதிர்வரிசைக்காரர்கள் அப்போது தினமும் சண்டை. அதனால் புகையை இரும்புக் குழாயில் இறக்கி, பின்னறைத் தரைக்கடியில் கொண்டுபோய், பின்பக்கச் சுவரோரம் மேலே ஏற்றிவிட்டார். போன வருஷம் கோவண்டிக்கு மாற்றும்போது குழாயைப் பிடுங்கி எடைக்குப் போட்டாயிற்று. அதனால்தான் போலீஸ் கண்ணுக்கு வெறும் தரையாகத் தெரிந்திருக்கும்.

சூடு என்றால் சுடாது. வெறுங்காலில் நிற்கலாம். காய்ச்சல் இல்லாத உடம்பைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி. முழங்கால் வலிக்கு நானே எத்தனையோ நாள் அங்கே படுத்திருக்கிறேன்.

தோண்டினது அவரேதான். தீபாவளிக்குப் பட்டியில் வேலை பார்த்தவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றை ஆளாக வேலை பார்த்தார். நான் உதவிக்குப் போனதற்கு, 'பிள்ளைக்குத் தூசி ஆகாது, உள்ள வராத' என்றார். என்றைக்கும் இல்லாத அக்கறையாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். தளம் பூசி முடித்ததும் அவரே என்னைக் கூப்பிட்டார். 'கீதாவ இதுல போடு, நல்லா தூங்குவா' என்றார். கீதாவுக்கு அப்போது மூன்று மாதம். அது எந்த வருஷம் என்றால்

மாலதி, அது செல்வம் போன வருஷம்.

நீ ஏன் இதைக் கேட்கிறாய்?


செம்பூர்
ஜூலை 10, 2024

என் இசக்கி,

இதை நீ தனியாகப் படிக்கக்கூடாது. மதீனா பீவியை எதிரே உட்கார வைத்துக்கொண்டு படி.

மண்ணுக்குள் போனால் சூடு தணியும், பல்லில் வயசு ஏறுவது நின்றுவிடும் என்று எழுதினேன். எங்கள் கணக்கு முழுக்க அதை நம்பித்தான். அந்தத் தரை தணியவில்லை. உடம்புச் சூட்டிலேயே இருபது வருஷம் இருந்தது. அதனால் அந்தப் பல், உயிரோடு இருக்கிற ஆளின் வாயில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருஷமும் வயசு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. செத்தபோது இருபத்து மூன்று. எடுத்தபோது நாற்பத்து நாலு. செல்வம் உயிரோடு இருந்திருந்தால் இன்றைக்கு என்ன வயசோ, அதைத்தான் மிஷின் சொன்னது. நான்தான் தப்பாகப் படித்தேன்.

டி.என்.ஏ. அழிந்ததும் அந்தச் சூட்டினால்தான். மண் மேல் பழி போட்டுவிட்டோம். பல்லை அமிலத்தில் வேகவைக்கும்போது எங்கள் சூட்டிலேயே கொஞ்சம் வலதாகத் திரும்பிவிடும், அதற்குக்கூடக் கணக்குப் பார்த்துக் கழிக்கிறோம். பூலோகம் வைத்த சூட்டைக் கழிக்கவில்லை. என் ரிப்போர்ட்டை நம்பித்தான் நீ அவன் காலில் விழுந்தாய், உன் புருவம் கிழிந்தது. இதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அந்தப் பல்லை நான்தான் பொடித்தேன் இசக்கி. சூடு ஏறினால் கெட்டுவிடுமே என்று ஐஸில் குளிரவைத்து, உரலில் போட்டு, மாவாகும் வரை இடித்தேன். ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கூடவே பாடிக்கொண்டு இடித்தேன். செல்வம் என்னைப் பார்த்துச் சிரித்த பல். எனக்கு அழுகைகூட வரவில்லை, கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறேன்.

இன்று பத்ரி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரிப்போர்ட் தப்பு என்று போலீசுக்கு நாங்கள் எழுதப்போகிறோம். பல்லில் பாதி மிச்சம் இருக்கிறது. வயசு தெரிந்த மற்ற பற்களைச் சூட்டில் வைத்துப் பார்த்துத்தான் நிரூபிக்க முடியும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அது மட்டும் கோர்ட்டுக்குப் போதுமா என்றும் தெரியவில்லை.

நீ ஒன்றே ஒன்று செய். நாளைக் காலையில் பீவியோடு செம்பூருக்கு வந்துவிடு. துணிமணி எடுக்காதே. அவனிடம் வாயைத் திறக்காதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

மாலதி


ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
ஜூலை 13, 2024

மாலதி,

நீ கெஞ்சியும் கேட்கவில்லை. வாயைத் திறந்துவிட்டேன்.

முதலில் உன் சொல்படி வரத்தான் நினைத்தேன். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அப்புறம் கீதா நினைப்பு வந்தது. மூன்று மாதக் குழந்தை. மாமன் நெஞ்சின் மேல் தூங்கியிருக்கிறாள். நான் அவன் மேல் துணி காயவைத்திருக்கிறேன், முழங்கால் வலிக்கு ஒத்தடம் கொடுத்திருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டேன்.

உன் கணக்குக்கு வாரக்கணக்கில் ஆகும் என்றாய். பூலோகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். நாலு பேர் முன்னால் கோபம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது. அதனால் குழாயில் தண்ணீர் வரும் நேரமாகப் பார்த்துக் கீழே இறங்கினேன். சந்து முழுக்க டிரம்மும் குடமுமாக ஜனம். கோவண்டிக்குக் கிளம்பி வந்தான். நான் நடுவில் நின்றுகொண்டு சத்தமாகக் கேட்டேன். 'பின்னறையில படுத்திருந்தானே செல்வம், அவனுக்கு ரொம்பச் சூடா இருந்திருக்கும்லா. கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கக் கூடாதா?'

முஷ்டியால் வாயில் குத்தினான். விழுந்தேன். வயிற்றில் மிதித்தான். நான் எழுந்து மறுபடியும் அதையே கேட்டேன். தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். மூன்றாவது தடவை கேட்டேன். அப்போதுதான் சொன்னான். 'அன்னைக்கே அவன் பக்கத்துலயே உன்னையும் போட்டுப் பூசியிருக்கணும்டி.'

குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மதீனா பீவிதான் அதை மூடினாள். 'என்ன சொன்ன, இன்னொரு தடவ சொல்லு' என்றாள். அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். ஓடப் பார்த்தான். குடத்தாலும் டிரம் மூடியாலும் அடித்தார்கள். நானும் அடித்தேன். கையில் என்ன இருந்தது என்று தெரியாது. போலீஸ் வரும்போது அவனுக்கு ஒரு கண் திறக்கவில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை மாலதி, வரும் என்று காத்துப் பார்த்தேன். சந்தில் இருந்த அத்தனை பேரும் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். எதிர்வரிசைக்காரர்கள் புகைக்குழாய் போட்ட வருஷத்தையும் சொல்லிவிட்டார்கள். கீதா வந்து காலடியில் உட்கார்ந்திருக்கிறாள்.

விலா எலும்பில் விரிசல் விட்டிருக்கிறதாம், பிழைத்துக்கொள்வேன். நீ கையைக் கழுவிக்கொண்டே இருக்காதே. செல்வத்தை இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்தவள் கையில்தான் கடைசியில் வந்து சேர்ந்திருக்கிறான், வேறு யாரோ கையில் இல்லை. மிச்சப் பாதிப் பல்லை மட்டும் வேலை முடிந்ததும் என்னிடம் கொடுத்துவிடு, நாம் இரண்டு பேரும் போய்க் கடலில் கரைப்போம்.

இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. பிரித்துப் பார்த்துப் பயந்துவிடாதே. அது என் பல், குத்தில் விழுந்தது. வயசு தெரிந்த பற்கள் வேண்டும் என்றாயே. டாக்டர் சுரேந்திரனிடம் வாங்குகிறவற்றில் ஒட்டுகிற மாதிரி இதிலும் எழுதி ஒட்டிவிடு: பெண், நாற்பத்தேழு. தம்பியும் நானும் ஒரே பால் குடித்து வளர்ந்தவர்கள், கணக்குக்குத் தோதாக இருக்கும்.

விழும்போது சூடாக இருந்தது. மீன்காரியிடம் ஐஸ் வாங்கிப் பொதிந்து கொண்டுவரும்படி பீவியிடம் சொல்லியிருக்கிறேன். வழியில் அதற்கு வயசு ஏறிவிடக் கூடாது. நான் அந்த வீட்டை விட்டு வந்த அன்றைக்கு என்ன வயசோ, அதில்தான் அது நிற்க வேண்டும்.

உன்
இசக்கி